மாற்றி வைத்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு,

நெற்றித் தையலைப் பிரித்துவிட்டார்களா? குளியலறை வாசலில் எனக்காக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர்தான் அன்றைக்கு என் கைக்குக் கிடைத்தது.

என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் நுரையீரலைக் கடித்துக் குதறுகிறது, கர்ப்பத்திலும் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினீர்கள். பிறகு நான் குளியலறைத் தரையில் மூச்சுக்குத் துடிக்கிறேன், நீங்கள் என் போனைப் பிடுங்கிக்கொண்டு, "டப்பாவுல சத்து மாத்திரையத்தான் போட்டு வச்சேன். புள்ளைக்கு விஷம் வேணாம். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிறீர்கள்.

இன்னும் ஓங்கி அடித்திருப்பேன். மூச்சு இல்லை. இருந்த கொஞ்சமும் போனைத் திரும்பப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் போதுமாக இருந்தது.

வயிற்றுப் பிள்ளை நலம். நான் மூச்சை நன்றாக இழுத்தால் உதைக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க நீங்கள் வரப்போவதாக உங்கள் அக்கா சொன்னார். வாருங்கள். ஸ்பேனர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விடுகிறவள்