எட்டிப் பார்க்காதே, நிர்மலா

இண்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நிர்மலாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நான் அவ்வளவு சௌக்கியமாக இல்லை. போனில் கூப்பிட்டால் நீ "சாப்பிட்டீங்களா, பாப்பா தூங்கிட்டாளா" என்பதோடு வைத்துவிடுகிறாய். லீவு முடிந்து உன் ஆஸ்பத்திரிக்கே திரும்பும் காவேரியிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ராகி மாவும் அவள் பெட்டியில் வருகிறது.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறாள். ஒரு பின்னல் மைசூரைப் பார்க்கிறது, இன்னொன்று மெட்ராஸைப் பார்க்கிறது. மழை ஏமாற்றிவிட்டதால் தக்காளி லோடு குறைவு. வண்டி பாதி நாள் வாசலில்தான் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜின் இல்லாத கிளைடரை இன்னொரு சின்ன விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போகும், அதற்கு நேர் பின்னாலேயே விலகாமல் நிற்க வேண்டும், ஓட்டப் பழகுவதிலேயே அதுதான் கஷ்டம் என்று நீ ஆசையாகச் சொன்னபோதெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி ஊசி போடப் போனவளுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று மனசுக்குள் பொருமல் வேறு.

அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். பக்கவாட்டில் விலகி மேலே எழும்பிவிட்டாயாம். கயிறு முன்னால் போன விமானத்தின் வாலைத் தூக்கிவிட்டதாம். அதன் மூக்கு தரையைப் பார்த்துக் கவிழ்ந்ததாம். பின் சீட்டில் இருந்த வாத்தியார் கயிற்றைக் கழற்றிவிட்டதால் எல்லோரும் பிழைத்தீர்களாம். ஒரு மனிதர் சாக இருந்தார், உனக்குச் சிரிப்பா வருகிறது என்று கத்தினேன். பெற்ற பிள்ளையை நினைத்தாயா என்றும் கேட்டேன். இனி அந்தப் பக்கமே போகாதே என்றேன். நீ "சரிங்க" என்றாய், அவ்வளவுதான். என்றைக்கு நீ என்னை எதிர்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாய்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நேற்று காவேரி வீட்டுக்கு வந்தாள். உன்னை ஏன் கிளைடர் ஓட்டப் போகவிடாமல் செய்தேன் என்று சண்டைக்கே நின்றாள். நான் நடந்ததைச் சொல்லி நியாயம் கேட்டதும், "அண்ணா, அவ ஏன் ஒதுங்குனான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? லாரிக்குப் பின்னாடி நேரா போவாத, வலப்பக்கம் ஒதுங்கி எட்டிப் பாருன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? கை தன்னால போயிருச்சுன்னு என் தோள்ல சாஞ்சு அழுதா. அவருகிட்ட சொல்லிராதடி, வூட்ல உக்காந்து வெம்பிப் போயிருவாருன்னா" என்றாள்.

அதியமான்கோட்டையிலிருந்து தொப்பூர் போகிற ரோட்டில் உனக்கு ஸ்கூட்டி பழக்கியது நான்தான். லாரியின் முதுகை நம்பாதே, அது எதை மறைத்துக்கொண்டு போகிறதோ என்று அதட்டி அதட்டிப் பழக்கினேன். அப்படித்தான் இந்த ரோட்டில் எல்லோரும் உயிரோடு வீடு வந்து சேர்கிறோம். அதே பழக்கம் ஆகாயத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் கொல்லப் பார்க்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனாலும் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று காலை லோடு ஏற்றிப் போனேன். முன்னால் ஒரு கரும்பு லாரி. என் கை தானாக வலப்பக்கம் ஒடித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ இப்போது டூட்டி முடிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாயாம். சமைப்பதில்லையாம். கிளைடர் ஓட்டப் போன நாட்களில்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாய் என்கிறாள் காவேரி. இதெல்லாம் எனக்கு அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. அந்த விமானம் ஓட்டுகிறவர், அந்தப் பொண்ணு எப்போது வரும் என்று வாராவாரம் விசாரிக்கிறாராம். சாக இருந்த மனிதரே மறுபடி உன்னை இழுத்துப் போகத் தயாராக இருக்கும்போது, இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தடுப்பது என்ன நியாயம்?

போ, நிர்மலா. எனக்குப் பயம் விட்டுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நீ மேலே இருக்கும் நேரமெல்லாம் இங்கே வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துவிட்டுப் போகிறேன். அவருக்குப் பின்னால் நேராக நில். நான் பழக்கியதை அங்கே மறந்துவிடு. அவர் லாரிக்காரர் இல்லை, நம்பு.

அவர் பெயரை எழுது. முனியப்பன் கோயிலில் உன் பெயருக்கு வேண்டிக்கொள்ளும்போது அவர் பெயரையும் சொல்ல வேண்டும். பூசாரியின் வாயில் அந்தப் பெயர் என்ன பாடுபடுமோ, அது சாமிக்குப் புரியும்.

இன்னொன்று. பயந்ததை இனி என்னிடம் சிரித்துச் சொல்லாதே. அழுதே சொல். நான் கத்தமாட்டேன்.

உன்,
சந்திரமோகன்