பெயரில்லாதவர்கள் பட்டியல்

பொண்டோ
4 மார்ச் 2019

அன்புள்ள அவினோவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். தீவுச் சபையில் உங்களுக்கு நெட் கிடைக்காது என்பதால் படகில் பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். கிசுமு திருச்சபை மாநாட்டுக்கான வேதாகமப் பெண்கள் ஆராய்ச்சி முடிந்தது. எக்ஸெலில் வசனம், ஊர், பெயர் எல்லாம் வரிசைப்படுத்தி நாற்பது ஸ்லைடு செய்திருக்கிறேன்.

வேதாகமத்தில் 'செபெதேயுவின் குமாரருடைய தாய்' என்று மட்டும் வருகிறவளைப் 'பெயரில்லாதவர்கள்' பட்டியலில் போட்டிருந்தேன். மீன் விற்கும் பெனினா விடவில்லை. "பிள்ளை பேரைச் சொல்லி இன்னாரோட அம்மான்னு கூப்பிடறதுதானே நமக்கு மரியாதை? அவளைப் போய் பேரில்லாதவங்கிறியே" என்றாள். நியாயம்தான். தாய்மாருக்குத் தனிப் பட்டியல் போட்டுவிட்டேன்.

ஆறு வருடமாக நான் தயாரித்ததை உங்களுடையதாகவே பேசி வந்தீர்கள். இந்த முறை கடைசி ஸ்லைடில் என் பெயர் இருக்கிறது. அதை எடுக்காதீர்கள்.

டோர்சிலா

ம்பாங்கனோ தீவு
11 மார்ச் 2019

அன்புள்ள அவினோவின் அம்மாவுக்கு,

அருமையான வேலை. ஆனால் தாய்மார் பட்டியலைப் பார்த்தால் பிஷப் சிரிப்பார். எல்லாரையும் பழையபடி பெயரில்லாதவர்களோடு சேர்த்துவிட்டேன். கடைசி ஸ்லைடையும் எடுத்துவிட்டேன். நீ வேறு நான் வேறா? கோபிக்காதே.

நப்தாலி ஒகுட்டு

கிசுமு
24 மார்ச் 2019

அன்புள்ள அவினோவின் அம்மாவுக்கு,

பெயரில்லாதவர்கள் பட்டியல் வந்த பன்னிரண்டாவது ஸ்லைடில் மாட்டிக்கொண்டேன். மாதர் சங்க வரிசையிலிருந்து பெனினா எழுந்தாள். "பாஸ்டர், என்னை எல்லாரும் என் பையன் பேரைச் சொல்லி ஒட்டூகோவோட அம்மான்னுதான் கூப்பிடறாங்க. என்னையும் இந்தப் பட்டியல்ல போட்டுடுவீங்களோ?" மண்டபமே சிரித்தது. "அவ கேக்கறது சரிதானே, ஒகுட்டு. இதை யாரு போட்டது?" என்றார் பிஷப்.

சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை. "ஆராய்ச்சி முழுக்க என் மனைவியோடது. அவ சரியாத்தான் போட்டிருந்தா. கெடுத்தது நான்" என்றேன். பென்டிரைவில் இருந்த உன் மூலக் கோப்பைத் திறந்து காட்டினேன். உன் பெயர் சுவரளவு பெரிதாக வந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருடப் பிரசங்கத்தில் எனக்கு அப்படித் தட்டியதில்லை, ஆனாலும் அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

ஆகஸ்டில் நைரோபி மாநாட்டில் நீ பேச வேண்டும் என்கிறார் பிஷப். வருவாயா? என்னை மன்னிப்பாயா?

நப்தாலி

பொண்டோ
30 மார்ச் 2019

அன்புள்ள அவினோவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே பெனினா வந்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டாள், உங்கள் முழி உட்பட. ஸ்லைடை எடுத்ததற்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்ன மனிதர் என் புருஷன் என்ற பெருமை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

நைரோபியில் நான் பேசுகிறேன். நீங்கள் லேப்டாப் பக்கத்தில் உட்காருங்கள். நான் தலையசைத்த பிறகுதான் அடுத்த ஸ்லைடைத் தட்ட வேண்டும்.

டோர்சிலா