ஊசியால் கீறிய சவுக்காரம்

கல்முனைக்குடி
12.07.1997

அன்பு மகன் றிபாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி ஹப்ஸாவும் சுகம். கட்டார் வெயிலில் நீயும் சுகமாய் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன்.

வாப்பாவை நேர்சிங் ஹோமில் விட்டு நான்கு மாதம். பாரிசவாதம் வந்த ஆளைத் தூக்கிப் புரட்ட என் இடுப்பு விடவில்லை, அதனால்தான் நீ சொன்னதற்கு ஓம் என்றேன், ஆனால் ஒரு நாளும் அந்த இடத்தை நம்பவில்லை. நான் வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தாடி சீவி, நகம் வெட்டி, அத்தர் பூசி மாப்பிள்ளை மாதிரி இருத்தி வைக்கிறார்கள், மற்ற ஆறு நாளும் எப்படிக் கிடக்கிறாரோ? குளிப்பாட்டுகிறவர் காரைதீவுத் தங்கராசா. காலம் கிடக்கிற கிடையில் அவர் தமிழ் ஆள் என்பதும் மனதைக் குத்தியது. நான் கொடுத்த சவுக்காரத்தில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் கோடு அப்படியே இருக்கிறது! கள்ளத்தைப் பிடித்துவிட்டேன் என்று வாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரக் கட்டிலும் எடுப்பித்தேன்.

செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போய்த் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். தங்கராசா வாப்பாவின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை சாறனை விரித்து, அதை விலக்காமல் கையை உள்ளே விட்டுக் கழுவினார், நம் மார்க்க முறைப்படியே வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். உள்ளே போய் முதுகைப் பார்த்தேன், ஒரு புண் இல்லை. சவுக்காரத்தைக் கேட்டேன், அது தோலை எரித்ததாம், குழந்தைச் சவுக்காரம்தான் போடுகிறாராம். அதையும் நம்பாமல் வாப்பாவின் தோளை மணந்து பார்த்தேன், உண்மைதான்.

இனி நான் கழுவுறன் தாங்க என்று துணியை வாங்கினேன் மகன். வாப்பா நல்ல கையால் சாறனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், விரலைப் பிரிக்க முடியவில்லை. கொஞ்சம் வெளிய நில்லுங்க ராத்தா, காக்கா வெக்கப்படுறார் என்றார் தங்கராசா, வாப்பாவை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுகிறார். எனக்கு வந்ததே கோபம். முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தியவளிடம் என்ன வெட்கம், இந்த ஆள்தான் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுதார். நான் வெளியே வந்துவிட்டேன்.

கட்டிலைத் திருப்பி அனுப்பியாயிற்று. தங்கராசாவை இன்னும் முழுதாக நம்பவில்லை, அது வேறு. ஊருக்கு வருகிறவர்களிடம் வாப்பாவின் உடம்பு துடைக்க மெல்லிய துவாய் இரண்டு கொடுத்துவிடு. தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்குப் பறக்கத் செய்வான். ஒன்றை மறந்துவிடாதே மகன், லீவில் வந்து வாப்பாவைப் பார்க்கப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லு, அவர் சாறனைச் சரிசெய்யும் மட்டும் நில்லு, பிறகு உள்ளே போ. நானும் இப்போது அப்படித்தான் போகிறேன்.

துஆவுடன் உன் உம்மா,
சித்தி லைலா