கரிப்புக்குப் பின்னால் வந்த வாசம்

அம்மா,

இன்று காலை தேரடி வீதியில் ஒரு பெண்மணி பன்னீர் திராட்சைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் விற்காத பழம் போலும். அடியில் இருந்தவை நசுங்கி, வெயிலில் லேசாகப் புளிக்கத் தொடங்கியிருந்தன. என்னைப் பெற்றவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "சீ, கள்ளு நாத்தம். வாடி சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கால் நகரவில்லை. அன்றைக்கு உங்கள் டம்ளரிலிருந்து எழுந்த வாசம் அது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உங்களிடம் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இன்று எழுதத் தோன்றியது. எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

மலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்து செங்கம் ரோட்டில் தங்கியிருந்த உங்கள் வீட்டுக்கு அப்பா பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரியவளானதும் என் பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. தண்ணீர் சேந்தவும் வாசல் பெருக்கவும் ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்கு அப்பா என்னைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"பேரு பச்சையம்மாங்க. வேலை நல்லா செய்யும். வாய் மட்டும் தொறக்காது."

"எனக்கும் தமிழ் வாய் இல்லை. சரியா போச்சு" என்றீர்கள். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒருநாள் நான் கொண்டுவந்த தண்ணீரை முகர்ந்து, ஒரு வாய் குடித்து, விழுங்காமல் கண்ணை மூடினீர்கள். "இது நேத்து கிணறு இல்லை" என்றீர்கள். நம் கிணற்றில் கயிறு அறுந்து, பக்கத்து வீட்டில் சேந்தி வந்திருந்தேன். நீங்கள் திட்டவில்லை. என் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, பின்கட்டுத் தரையில் உங்கள் ஊரை வரைந்து காட்டினீர்கள்.

கடலுக்குள்ளிருந்து எழுந்தாற்போல் ஒரு மலை. சமதரை கிடையாது என்பதால் மலையையே படிப்படியாக வெட்டி, சுண்ணாம்பு இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி. இத்தாலி என்று நீங்கள் சொன்னபோது அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. புது ஒயின் பதமானதும் உங்கள் அப்பா உங்களை வீடு வீடாகக் கூட்டிப் போவாராம். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் குளிர்ந்த, இருட்டான அறை, அதில் பீப்பாய்கள். அந்தக் குடும்பமே பயிர் வைத்து, பிழிந்து, ஊறவைத்தது. ஒரு துண்டு ரொட்டியும் உப்பிட்ட நெத்திலியும் கொடுத்து, கொஞ்சம் ஊற்றுவார்கள். "நல்லா இருக்கு, நல்லா இல்லை, அது யாரும் கேட்காது. எந்தப் படியில் காய்ச்சது? அதான் கேட்கும்" என்றீர்கள். உங்கள் அப்பா தவறியதே இல்லையாம். கீழ்ப்படி என்றால் கடல் காற்று ஏறி, கடைசியில் கரிக்கும். மேல்படி என்றால் கரிப்பே இராது, மலைப்புல் வாசம் வரும். உங்கள் அப்பாவின் தோட்டம் மேல்படி.

கரிப்பு என்ற சொல்லை உங்களுக்குக் கொடுத்தது நான்தான். ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இது உப்பு இல்லை, என்ன சொல்றது?" என்று கேட்டீர்கள். துவர்ப்பு, சப்பு, கரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வீட்டில் ஒரு வாரம் பேசுவதை அன்று ஒரே காலையில் பேசினேன்.

அடி அண்ணாமலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வலியும் சேர்ந்தே வருகின்றன. மலை சுற்றி வரும்போது மணியக்காரர் வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டோம். பித்தளைச் சொம்பில் கொடுத்தார்கள். நீங்கள் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, விளிம்பில் உதடு வைத்துச் சப்பிக் குடித்தீர்கள். அந்த வீட்டம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "இருக்கட்டுங்க, நீங்களே வச்சிக்கங்க" என்று பின்னால் நகர்ந்துவிட்டார்கள்.

"எவ்வளவு நல்ல மனசு! பாத்திரமே கொடுத்துட்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொம்பைக் காட்டினீர்கள். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு புளியமரத்தடியில் நின்று, எச்சில் என்றால் என்ன, நாங்கள் ஏன் அண்ணாந்து குடிக்கிறோம் என்று தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். உங்கள் முகம் சிவந்துபோனது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மேலேர்ந்து ஊத்தினா நாக்குக்கு வேலை இருக்கு. பாவம், மூக்கு சும்மா இருக்குதே" என்றீர்கள்.

அதன் பிறகு உங்கள் கண்ணாடி டம்ளர் எப்போதும் என் பையில் இருந்தது. அவர்கள் மேலிருந்து ஊற்ற, நீங்கள் டம்ளரில் வாங்க, நான் உள்ளங்கையில் ஏந்த, வேங்கிக்கால் வரை எத்தனை கிணறு! "தொரசானியம்மா, எங்க தண்ணி எப்பிடிங்க?" என்று பெண்கள் அவர்களாகவே கூப்பிடத் தொடங்கினார்கள். "ரெண்டு கிணறு தள்ளி இருக்கிறது இனிப்பு ஜாஸ்தி" என்று நீங்கள் சொல்லிவைக்க, இரண்டு ஓரகத்திகளுக்குள் சண்டையே வந்தது.

உங்கள் அப்பா இறந்துபோன சேதி வந்தபோது நீங்கள் அழுததை நான் பார்க்கவில்லை. உங்கள் பயம் வேறாக இருந்தது. உங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாம் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். கல் சரியும்போது எடுத்து அடுக்க ஆள் இல்லாவிட்டால், ஒரு மழையில் ஒரு படியே கடலுக்குப் போய்விடும். தோட்டம் எப்படி இருக்கிறது என்று அங்கே இருக்கும் உங்கள் தம்பிக்கு எழுதிக் கேட்டால், எல்லாம் நலம் என்றே பதில். "மேல் தோட்டம் விழுந்தா, அப்பா இன்னொரு தடவை செத்தது போல, பச்சை" என்றீர்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல். அது விட்டபோது உங்கள் நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வாசத்தோடு நான் வைத்த ரசம்கூட உங்களுக்கு வெந்நீர்தான். அப்படிப் படுக்கையில் கிடந்தபோதுதான் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் மலையைப் பார்க்க வந்தார். கம்பளிச் சட்டைக்குள் சுற்றி ஒரு புட்டி கொண்டுவந்தார். அப்பாவின் மேல் தோட்டத்து ஒயின் என்று உங்கள் தம்பி சொல்லிக் கொடுத்தானாம். பால் ஊற்ற வந்த என் அப்பா அதைப் பார்த்து, "ஐயய்யோ, மதுவிலக்கு இருக்குதுங்கம்மா, போலீசு வந்தா என் மாட்டைக்கூட புடிச்சிக்கினு போயிடுவான்" என்று பதறினார்.

நீங்கள் ஒரு வாய் குடித்தீர்கள். இன்னொரு வாய். டம்ளரை என் பக்கம் நீட்டினீர்கள்.

"ஒண்ணும் தெரியலை. பச்சை, நீ குடிச்சி சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பால் செம்பை எடுத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல" என்று வெளியே போய்விட்டார்.

பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினேன். அதில் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்த வாசம் இருந்தது. டம்ளரையே வாங்கினேன். உங்கள் உதடு பட்ட இடத்தில் என் உதட்டை வைத்தேன். பிறந்ததிலிருந்து இன்னொருவர் வாய் வைத்ததில் நான் குடித்தது அது ஒன்றுதான்.

முதலில் உலர்ந்த திராட்சையை வெல்லப்பாகில் போட்டதுபோல் இனிப்பு. பிறகு தொண்டையில் சூடு. அதற்குப் பிறகு அது வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கரிக்குதும்மா" என்றேன்.

"கீழ்ப்படி" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.

நீங்கள் கேட்காமலேயே நான் இன்னொரு வாய் எடுத்தேன். மூக்கை டம்ளருக்குள் விட்டேன். கரிப்பு வந்தது. விழுங்கவில்லை. அது அடங்கும்வரை வைத்திருந்தேன். எல்லாம் போன பிறகு, அடியில் ஏதோ ஒன்று. முதல் மழை விழுந்ததும் நம் மலையின் காய்ந்த புல்லிலிருந்து வருமே, அது.

"புல்லு வாசம் வருதும்மா."

"எனக்காக சொல்லாதே."

"சத்தியமா."

"ஜாஸ்தியா?"

"கம்மி. ரொம்ப கம்மி."

கண்ணைத் திறந்தீர்கள். "ரொம்ப கம்மின்னா நிஜம்" என்றீர்கள். "தம்பி மேலே இருக்கிறதை கீழ்ப்படியோட கலந்திருக்கான். ரெண்டு வரிசை மிச்சம் இருக்கு. யாரோ கல் அடுக்கறாங்க." ஜன்னலில் தெரிந்த மலைப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அன்று நன்றாகத் தூங்கினீர்கள்.

கார்த்திகைக்கு மலைமேல் தீபம் ஏற்றுவதற்குள் நீங்கள் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டீர்கள். வீட்டை ஒழித்தவர்கள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். டம்ளரைக் கைகாட்டினேன்.

தை மாதம் எனக்குக் கல்யாணம், அம்மா. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டையும் பயிரிடுகிற குடும்பம். பெண் பார்க்க வந்தபோது நான் குனிந்தே இருந்ததால், மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பேசுமா, இல்ல நாங்களே பேசிக்கினு இருக்கணுமா?" என்று கேட்டார்கள். அப்பாதான், "பேசும்ங்க. கேக்கறவங்க கேட்டா பேசும்" என்றார். இன்று என்னைப் பெற்றவளோடு தேரடி வீதிக்குப் போனதும் கூறைப்புடவைக்குத்தான்.

சாயங்காலம் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பினார். பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். "பஸ்ஸுல வர்றவங்க பூவும் பழமும் கொணாந்து பாத்திருக்கேன். இது என்ன கூத்து!" என்று என்னைப் பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் உள்ளே போய் உங்கள் டம்ளரை எடுத்துவந்தேன். இந்த வீட்டில் அதை வேறு யாரும் தொடுவதில்லை. ஊற்றி, முகர்ந்து, விளிம்பில் உதடு வைத்துக் குடித்தேன்.

கரித்தது.

ஜாஸ்தியா கம்மியா என்று கேட்க நீங்கள் இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எப்படிம்மா இருக்கு?" என்றார். நான் விழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் இருங்கள் என்று கையை மட்டும் காட்டினேன்.