முன்னால் வரும் சத்தம்

ஹெல்லேதால்,
பிப்ரவரி, சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் இல்வா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் நம் நாய் பாம்சேயும் சுகமாக இருக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம், நீங்கள் இருக்கும் இடத்தில், குளிர் இன்னும் கடுமை என்று வானொலியில் சொன்னார்கள். நீங்கள் கம்பளிக் காலுறைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தோடு அவற்றையும் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். போனில் எனக்கு ‘உம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். முழுவதும் படியுங்கள். கார் பற்றிய இடம் வந்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள்.

நான் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. வகுப்பின் முன்னால் எழுந்து நின்று பேசச் சொல்கிறார்கள், அது என்னால் முடியாது. கூட்டுறவுக் கடையின் பின்னறையில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பால், ரொட்டி, பழுப்புச் சீஸ் எதுவும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. அம்மா வருத்தப்படுகிறாள், ஆனால் திட்டுவதில்லை.

இனி கார் விஷயம். சாம்பல் நிற வண்டியோடு நீங்கள் அக்டோபரில் போனதிலிருந்து அம்மா படும் பாடு கொஞ்சமல்ல. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு மருந்து கொடுத்து, கட்டு மாற்றுகிறவளுக்குச் சொந்த வண்டி இல்லாமல் எப்படி முடியும்? கூட வேலை செய்யும் பெர்லியூத்தின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனாள். பனி ஏறிய சாலையில் நடந்தும் போனாள். கடைசியில், ஒரு வாரம் பெட்ரோல் வண்டி, ஒரு வாரம் மின்சார வண்டி, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றாள். இரண்டுமே பழைய வண்டிகள்தான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, சாவியை மேஜையில் எறிந்துவிட்டு, “அந்தப் பொம்மைக் கார் என் வாசல்ல நின்னா நான் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்றீர்கள். அம்மாவும் விட்டுக்கொடுக்காமல், “அப்ப நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள். ஊரில் எல்லாரும் மின்சாரத்துக்கு மாறியதால் உங்கள் பட்டறைக்கு வேலை இல்லாமல் போனது. அது அம்மாவின் குற்றம் இல்லை. உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த வீட்டில் ‘எந்தக் கார்’ என்று பேசினாலே, ‘அப்பா வருவாரா மாட்டாரா’ என்று பேசுவதாகிவிட்டது.

முதல் வாரம், பழைய வண்டி விற்கும் சிக்பியோர்னின் சிவப்புப் பெட்ரோல் வண்டி வந்தது. அதற்காக நான்தான் அம்மாவிடம் கெஞ்சினேன். ஏன் என்று உங்களுக்குப் புரியும். குளிரில் எஞ்சின் உறையாமல் காலையில் கிளம்ப, முந்தின இரவே அதற்கு மின்கம்பி செருக வேண்டும், அம்மா இரண்டு முறை மறந்தாள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் எஞ்சின் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது, அதனால் பெட்ரோல் நிறையக் குடிக்கிறது. ஆனால் மலை ஏறும்போது அதற்கு ஒரு தைரியம் இருக்கிறது, அப்பா. டாங்கி நிறைந்தால் பெர்கன் நகரம் வரை போய்த் திரும்பலாம் என்று தெரியும். அந்தத் தைரியம் அம்மாவின் முகத்திலும் தெரிந்தது.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் மாலை அம்மா அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வண்டி முற்றத்தில் குளிர்ந்துபோய் நின்றது. அப்போது வளைவில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. பனிக்காக ஆணி பதித்த டயர் சரளையைக் கடித்துக்கொண்டு ஏறி வந்து நின்றது. வண்டிக் கதவு ஒரு முறை மூடி, சரியாக அடையாமல், மறுபடி அறைந்து மூடியது. பிறகு படியில் பூட்ஸ் கால்கள், பனியை உதறும் இரண்டு உதை. பிறகு ஒன்றுமில்லை. பாம்சே மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “உங்கப்பாவோட முன்வரவு” என்று மெதுவாகச் சொன்னாள். காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

நீங்கள் கேலி செய்வீர்கள். முன்பெல்லாம் ஆளுக்கு முன்னால் உங்கள் முன்வரவு, வெறும் சத்தமாக, வீடு வந்து சேரும்போது நாங்கள் காபி வைப்போம். நீங்கள் அரை மணி கழித்து வந்து, “நான் இன்னும் போல்ட் முடுக்கிக்கிட்டிருக்கேன், அதுக்குள்ள என் காபி கொதிச்சிருச்சா? அந்த இன்னொரு தோர்கெய்ர் குடிச்சிட்டுப் போகட்டும்” என்று சிரிப்பீர்கள். அப்போதெல்லாம் சத்தத்தின் பின்னால் நீங்கள் வந்தீர்கள். இப்போது சத்தம் மட்டும் வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. விடிந்ததும் முற்றத்தில் போய்ப் பார்த்தேன். அம்மா ஓட்டிய சிவப்பு வண்டியின் தடத்தைத் தவிர பனியில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான், பனி வாரும் லாரியில் முன்னால் போய் மலை தாண்டும் வண்டிகளை வரிசையாகக் கூட்டிப்போகும் ஓட்முன் மாமா கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல், “என்ன பாப்பா, வாய்க்கும் பனிப்பூட்டா? ஒரு வார்த்தை சொன்னா விலையில கழிச்சிக்கலாம்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்கப்பன் தினம் சாயந்தரம் அந்தப் பக்கத்துத் தடுப்புக் கம்பத்துகிட்ட வந்து நிக்கிறான். மலை தாண்டற வண்டிகளோட வரிசையில நிக்கிறான். நான் மஞ்ச வெளக்கப் போட்டுக் கிளம்பினதும் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடறான். பைத்தியமாடா உனக்குன்னு கேட்டேன். பல்லக் காட்டறான்” என்றார். நான் ரொட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை எப்போது கிளம்பும் என்று அவரிடம் கேட்டேன். நானாகவே கேட்டேன், அப்பா. அதே நேரம்தான். நீங்கள் அங்கே திரும்பும் நேரத்தில் உங்கள் சத்தம் இங்கே படி ஏறுகிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் காபிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, “பாதி மனசு வந்து சேர்ந்துடுது. மீதியத்தான் காணோம்” என்றாள்.

இரண்டாவது வாரம் மின்சார வண்டி வந்தது. வெள்ளை நிறம், சிறியது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். காலையில் அம்மா கோட்டு மாட்டும்போதே வண்டியின் உள்ளே சூடாகி, கண்ணாடிப் பனி தானாக வழிந்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு நின்று நின்று போவதற்கு அது பிறந்ததே போல இருக்கிறது. ஆகும் செலவைப் பார்த்து அம்மாவே நம்பவில்லை. குறைகளும் உண்டு. மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடுங்குளிரே விழுங்கிவிடுகிறது. சலவை இயந்திரமும் மின்னடுப்பும் ஓடும்போது வண்டிக்கும் கம்பி செருகினால் வீட்டு ஃபியூஸ் போய்விடுகிறது. பெர்கன் போக வேண்டுமானால் வழியில் நின்று மின்னேற்ற வேண்டும், அங்கே சனிக்கிழமைகளில் வரிசை. பிறகு, சத்தமே இல்லை. ஈவர் தாத்தா அம்மாவைப் பார்த்து, “பேய் மாதிரி வந்து நிக்கிறியேம்மா! ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு ஹார்னாவது அடி, மனுசன் செத்துக்கித்துத் தொலைக்கப் போறேன்” என்றாராம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டி முற்றத்தில் நின்ற இடம் அப்படி. மின்கம்பி நீளம் போதாமல், விளக்குக் கம்பத்தின் அடியில், நீங்கள் எப்போதும் நிறுத்தும் இடத்தில்தான் அதை நிறுத்த முடிந்தது.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை காலையிலிருந்து பனி கொட்டியது. அம்மா சீக்கிரம் திரும்பிவிட்டாள். மின்னடுப்பு ஓடிக்கொண்டிருந்ததால் வண்டிக்கு இன்னும் கம்பி செருகவில்லை. மீன் உருண்டை வெந்துகொண்டிருந்தது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. வளைவில் எஞ்சின் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் சத்தம் முற்றம் வரை ஏறி வரவில்லை. கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. கதவு இரண்டு முறை அறைந்தது. பூட்ஸ் கால்கள் மெதுவாக ஏறி வந்தன. வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றன. மறுபடி நடந்தன. படியில் இரண்டு உதை.

முன்வரவு வரும்போது கதவைத் திறக்கக் கூடாது, ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது, திறந்து பார்த்தால் வருகிறவருக்கு வழி நீண்டுபோகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அசையவில்லை. பாம்சே மட்டும் அன்று மேஜைக்கு அடியில் போகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு கதவுக்கு ஓடிப் பிராண்டினான், அழுதான். நான் அவனைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து, அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா காபிக்குத் தண்ணீர் வைத்தாள். “வரட்டும். நேரம் இருக்கு” என்றாள்.

கதவுக்கு வெளியே யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கால்கள் இறங்கின. எஞ்சின் எழுந்தது. வளைவில் சத்தம் தேய்ந்து மறைந்தது. “இன்னைக்கு ரொம்ப நேரம் நின்னுச்சு” என்றாள் அம்மா.

சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்த பிறகு, வண்டிக்குக் கம்பி செருக அம்மா வெளியே போனாள். போனவள் உடனே திரும்பி வந்து, கதவைச் சாத்தாமல், தலையெல்லாம் பனியோடு நின்றாள். என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். தபால் பெட்டி வரை ஆணி டயரின் தடம். அங்கிருந்து படி வரை பூட்ஸ் தடம். கதவுக்கு நேர் எதிரே, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு ஆழமான குழிகள். ரொம்ப நேரம் அசையாமல் நின்றவரின் கால்கள். படியின் ஓரத்தில், உதறி விழுந்த பனிக்கட்டி அப்படியே கிடந்தது. அம்மா குனிந்து அதைக் கையில் எடுத்தாள்.

அது நீங்கள், அப்பா. வெறும் சத்தம் அல்ல. நீங்களே வந்திருக்கிறீர்கள். நாங்கள் உங்களை உங்கள் முன்வரவு என்று நினைத்துவிட்டோம்.

அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த வெள்ளை வண்டியில் மலைத் தடுப்பு வரை விரட்டினாள். வரிசை கிளம்பிவிட்டிருந்தது. பனிப்புகைக்குள் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி விளக்கு உங்களுடையதா என்று தெரியவில்லை. கம்பம் இறங்கிவிட்டது. இறங்காவிட்டாலும் போயிருக்க முடியாது. பகலில் ஓடியது போக மின்கலத்தில் மிச்சம் இருந்தது மலையின் பாதிக்குக்கூடக் காணாது. அம்மா ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தாள். “பெட்ரோல் வண்டியா இருந்திருந்தா அடுத்த வரிசையிலயாவது போயிருப்பேன்” என்றாள். பிறகு நெற்றியை அதிலேயே வைத்துக்கொண்டாள்.

ஓட்முன் மாமாவிடம் மறுநாள் கேட்டேன். “வந்தான், போனான். போகும்போது பல்லக் காட்டல” என்றார். அம்மா உங்களை எத்தனையோ முறை போனில் கூப்பிட்டுவிட்டாள். நேற்று நானே நீங்கள் லாரி பழுதுபார்க்கும் இடத்துக்குப் பேசினேன். யாரோ ஒருவர், “தோர்கெய்ரா? லாரிக்கு அடியில படுத்திருக்கான். யார் கூப்பிட்டாலும் எந்திரிச்சு வர மாட்டேங்கறான். நீ யாரும்மா?” என்று கேட்டார். எனக்கு மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

வியாழக்கிழமைக்குப் பிறகு சத்தம் வரவில்லை. நேற்றும் இன்றும் அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு, வானொலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பனி விழுவது மட்டும் கேட்டது. சத்தம் வந்த நாட்களில் எனக்குப் பயமாக இருந்தது. வராத நாட்களின் பயம் வேறு மாதிரி இருக்கிறது.

அம்மா முடிவு சொல்லிவிட்டாள், அதை மறைக்காமல் எழுதச் சொன்னாள். மின்சார வண்டியைத்தான் வாங்குகிறாள். “தினம் போற வழிக்குத்தான்டி வண்டி வாங்கணும். ஆயுசுல ஒரு நாள் தொரத்திக்கிட்டுப் போறதுக்கு வாங்க முடியாது. மலை தாண்டறதுக்கு அவர் வண்டி இருக்கு, அவரே தாண்டட்டும்” என்றாள். சொல்லிவிட்டு, மின்சாரம் போடுகிறவரைக் கூப்பிட்டு, வண்டிக்கு மின்னேற்றும் பெட்டியைத் தொழுவச் சுவரில் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை வருகிறார். ஏன் அவ்வளவு தள்ளி என்று அவர் கேட்டதற்கு, “முற்றத்துல இன்னொரு வண்டிக்கு எடம் வேணும்” என்று மட்டும் சொன்னாள். அந்த இன்னொரு வண்டி உங்களுடையது என்று அவள் சொல்லாமல் விட்டதை நான் எழுதிவிட்டேன்.

அப்பா, நீங்கள் மறுபடி வர வேண்டும். வரிசையில் முதலாவதாக நிற்க விடுகிறேன் என்று ஓட்முன் மாமா சொல்லியிருக்கிறார். ஆனால் வந்தால், போன முறை போலப் பேசாமல் நிற்காதீர்கள். முன்வரவுக்கு எஞ்சின் உண்டு, பூட்ஸ் உண்டு, மூச்சும் உண்டு போலிருக்கிறது. குரல் மட்டும் கிடையாது. இதுவரை எந்த வீட்டிலும் அது யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதனால் கதவுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தமாகக் கூப்பிடுங்கள், பக்கத்துப் பண்ணைக்குக் கேட்டாலும் பரவாயில்லை. நான் யாருக்கும் சட்டென்று பதில் சொல்லாதவள்தான். இதற்குச் சொல்வேன்.

மலைச் சாலை உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடட்டும்.

உங்கள் பாசமுள்ள மகள்,
இல்வா