பதினான்காம் மாடியிலிருந்து நம் சந்து

அல்சூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வீணாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க எல்லம்மாவை வேண்டிக்கொள்கிறேன். இருமல் நின்றதா, இல்லையென்றால் மிளகு தட்டிப் போட்டுப் பால் குடி. போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அப்பாவிடம் இதைக் காட்டவில்லை.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட்டைப் போய்ப் பார்த்தேன். அம்மா சரி என்றால் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் அங்கே குடிபோகலாம் என்றாய். நம் சந்துக்குப் பின்னால் எழும்பியிருக்கும் கட்டடம்தான், நடந்தால் ஐந்து நிமிடம், ஆனால் நான் ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் இறங்கினேன். நீ வாங்கித் தந்த அரக்குப் பட்டைத்தான் கட்டியிருந்தேன். அப்படியும் வாட்ச்மேன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வேலைக்கு வர்றவங்க பின் கேட்டும்மா, இங்க நிக்காதீங்க" என்றான். அவன் பார்த்தது புடவையை இல்லை, கையை. இருபத்தாறு வருஷம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்த கை எந்தப் பட்டிலும் மறையாது போலிருக்கிறது. வீடு காட்டும் ராகேஷ் ஓடிவந்து, "ஏய், நம்ம கஸ்டமர்ப்பா, மக ஃபாரின்ல இருக்காங்க" என்றதும் அதே வாட்ச்மேன் எழுந்து நின்று சலாம் வைத்தான். எனக்கு அந்த சலாம் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. குழாயைத் திறந்தால் எந்த நேரமும் தண்ணீர், அடுப்படியில் நல்ல வெளிச்சம். "எங்க இருக்கீங்க ஆன்ட்டி" என்று ராகேஷ் கேட்டான். அல்சூர் என்றேன். அல்சூரில் எங்கே என்றான். ஏரிப் பக்கம் என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். காலேஜ் நாளில் சிநேகிதிகள் நம் வீட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று நீ மெட்ரோ பக்கமே வண்டியிலிருந்து இறங்கி நடந்து வந்தாயே, அது தெரிந்து நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லையே, அதுதான் அப்போது ஞாபகம் வந்தது. உன் மாமாவுக்கு அடுகோடியில் பெண் பார்க்கப் போனபோது, சந்து சரியில்லை என்று பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறித் திரும்பியவளும் நான்தான்.

உன் அப்பா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். நான் மேலே போய் பால்கனியில் நின்றதும் அவர் நம் மொட்டை மாடியிலிருந்து சிவப்புத் துண்டை ஆட்டுவாராம், நான் கை காட்ட வேண்டுமாம், அப்போதுதான் இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியுமாம். காலையிலிருந்து அதே பேச்சு. பால்கனிக்குப் போனேன். ஏரி ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறது, நம் சந்து முழுசாகத் தெரிகிறது. நீ அனுப்பிய விளம்பரப் படத்தில் அந்த இடத்தில் வெறும் மரங்கள்தான், நாற்பது வீட்டை அழித்துவிட்டு மரம் வரைந்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் நீயும் பச்சைப்பசேல் என்று இருக்கிறது அம்மா என்றாய். "கீழ பாக்காதீங்க ஆன்ட்டி, நேரா நோடி, நேரா பாருங்க, லேக் வியூ" என்றான் ராகேஷ். "அது ஸ்லம்மு. ரெண்டு வருஷத்துல காலி ஆயிடும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் செடி வச்சு மறைச்சிடுவோம்" என்றான். கெட்டவன் இல்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். காலியாகப் போவது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் உன் அப்பா துண்டை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். ராகேஷும் பார்த்துவிட்டு, "பாருங்க, யாராவது பால்கனிக்கு வந்தா போதும், கூத்து காட்டுவாங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன் வீணா. என் கை பால்கனிக் கம்பியை விட்டு எழவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "அரை மணி நேரம் ஆட்னேன் சரசு, தோளு விட்டுப்போச்சு, பாத்தியா" என்று கேட்டார். வெயிலில் கண் கூசியது, தெரியவில்லை என்றேன். "அவ்ளோ உசரத்துல இருந்தா எப்பிடித் தெரியும், வயசாயிடுச்சு உனக்கு" என்று கிண்டல் செய்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

கையெழுத்துப் போடாதே. வீட்டில் குறை இல்லை. வாட்ச்மேன் மேலும் ராகேஷ் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் காரணம் அவர்கள் இல்லை. கீழே பார்க்காமல் நேராகப் பார்க்க எனக்கு அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. ஒரு வருஷம் அங்கே இருந்தால் செடி வைத்து மறைக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். நம் சந்தைக் காலி செய்ய வருகிறவர்கள் வரட்டும், அப்போது நான் கீழே இருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளி போடாமல் வெளியே போகாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, ராகேஷ் பால்கனியிலிருந்து எடுத்த வீடியோவை உனக்கும் அனுப்பியிருப்பதாகச் சொன்னான். அதில் ஏரியைக் காட்டும்போது கீழே இடது ஓரத்தில் சிவப்பாக ஏதோ அசையும். நிறுத்திப் பார். பார்த்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்து, தெரிந்தது என்று நீயாவது சொல்.

இப்படிக்கு,
எல்லம்மா கோயில் சந்திலிருந்து
உன் அம்மா சரசு