கண்டியைக் காத்த நுளம்பும் நீ விட்ட பிழையும்

மச்சான்,

இன்று காலை ஹந்தானை வீதியில் நுளம்புப் புகை அடித்தோம். டீசல் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. மல்லிகைப் பூவை முகர்ந்து உன்னை நினைக்கிற அளவுக்கு நீ என்றைக்கு மணத்தாய்?

நீ போய் ஒரு வருடமாகிறது. இருபது வருடம் நுளம்போடு மல்லுக்கட்டியவன் மாரடைப்பில் போனானே தவிர நுளம்பால் போகவில்லை என்று நகரசபைத் தொழிலாளர் குடியிருக்கும் நம் மஹய்யாவ முழுக்கப் பெருமை. உன் சாவு வீட்டில் அதைப் பரப்பியதே நான்தான்.

அந்த வீதியில் இருக்கிற யாழ்ப்பாணத்து டீச்சரை நினைவிருக்கிறதா? சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக் குழந்தை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்த லேனில் எல்லா வீட்டையும் பார்த்துவிட்டோம்; பாக்கி டீச்சருடைய கூரைப் பீலி மட்டும்தான். மழைத்தண்ணீர் அடைத்து நிற்பது வீதியிலிருந்தே தெரிந்தது. அதை அன்றே கழுவாவிட்டால் அடுத்து எந்தப் பிள்ளையோ. டீச்சர் வாசற்படியில் நின்றபடி நம்மைத் தலையிலிருந்து சப்பாத்து வரை பார்த்தார்.

"மஹய்யாவ ஆக்களோ? குப்பை எடுக்கிறது நாளைக்கெல்லோ?"

"குப்பை இல்லீங்க டீச்சர், நுளம்பு" என்றேன் நான், உள்ளே குரைத்த நாய்க்குப் பயந்து உன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"எங்கட வீடு துப்புரவு. நீங்கள் போங்கோ."

எனக்குக் காது சுட்டது. போயிடலாம் என்று உன் சட்டையை இழுத்தேன். நீயோ கேட்டின் மேல் கையை ஊன்றி, சொந்தக்காரர் வீட்டு வம்பு பேசுவதுபோல் ஆரம்பித்தாய்.

"அந்தக் காலத்துல கண்டியப் பிடிக்க வந்த பட்டாளமெல்லாம் நுளம்புக் காய்ச்சல்லதானே டீச்சர் சுருண்டு விழுந்துச்சு? ராஜாவுக்குப் பெரிய தளபதியே காய்ச்சல்தான். அதோட போர்த்துக்கேயனைக் கூட்டு சேத்துக்கிட்டு ஒல்லாந்தனை விரட்டினாரே..."

"பிழை!"

டீச்சர் படியிறங்கி, முற்றம் தாண்டி வந்தார். "மாறிச் சொல்லுறீர்! ஒல்லாந்தரைக் கூப்பிட்டுத்தான் போர்த்துக்கேயரைக் கலைச்சவர்!" விரலை உன் மூக்குக்கு நேரே ஆட்ட வசதியாகக் கேட்டையும் திறந்துவிட்டார்.

"கலைச்ச பிறகு ஒல்லாந்தன் ஊருக்குப் போனானா டீச்சர்?"

"எங்க போனவன்? அவனும் இருந்திட்டான்."

"நுளம்பும் அப்படித்தான். அன்னைக்கு நம்ம பக்கம் நின்னுச்சு. சண்டை முடிஞ்சும் போகல. இப்ப உங்க பீலியில கோட்டை கட்டியிருக்கு. பாத்துடலாமா?"

டீச்சர் ஏணி இருக்கும் இடத்தைக் காட்டினார். பீலித் தண்ணீரை நீ அள்ளிக்கொண்டு வந்து டோர்ச் அடித்தாய். புழு நெளிந்ததை அவரே பார்த்தார். அந்த லேனில் அதற்குப் பிறகு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரிக் குழந்தையும் வீடு திரும்பிவிட்டது.

இறங்கி வரும்போது கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சவன்மாதிரி பேசி, அதைப் போய் மாத்திச் சொல்லிட்டியே!"

"விடு மச்சான். அன்னைக்குக் கண்டியக் காப்பாத்துனது நுளம்பு. இன்னைக்கு நுளம்புகிட்ட இருந்து காப்பாத்துறது நாம. ராஜா இருந்திருந்தா நமக்குப் பல்லக்கு அனுப்பியிருப்பாரு."

நான் விடவில்லை. உனக்குச் சரித்திரம் தெரியாது என்று தேத்தண்ணிக் கடையில் நீ இருக்கும்போதே எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பேன்! நீயும் கூடவே சிரித்தாய்.

இன்றைக்கு டீச்சர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மற்றவர் எங்க?" என்றார். சொன்னேன்.

"அவர் வேணுமெண்டுதான் பிழை விட்டவர். எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் டீச்சர் திறந்தீங்க?"

"அவ்வளவு சரியாப் பிழை விடச் சரித்திரம் முழுக்கத் தெரிஞ்சிருக்கோணும்."

சாயங்காலம் கடைக்குப் போய், உனக்குச் சரித்திரம் தெரியாது என்று நான் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உன்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

சொல்ல மறந்துவிட்டேன். மத்தியானம் மேல் வீட்டு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், "ஒண்ணும் பாக்க வேணாம்" என்று முகத்தைத் திருப்பினார். நான் கேட்டின் மேல் கையை ஊன்றிப் போர்த்துக்கேயனைக் கூட்டு சேர்த்தேன். "பிழை!" என்று ஓடி வந்து திறந்தார்.

உன் டோர்ச்சும் உன் பிழையும் இப்போது என்னிடம்தான். டோர்ச்சுக்குப் பட்டரி மாற்ற வேண்டும். பிழை நன்றாக வேலை செய்கிறது.